மூடியிருக்கும் மாதங்கள்

கேளிக்கைப் பூங்கா என்று யாராவது சொன்னாலே கொட்டாவி விடுகிற மனிதர் ஒருவர் உலகத்தில் உண்டென்றால், அது கிரீஸ் அண்ணன்தான். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற ராட்சத ராட்டினத்துக்கு அவர் மெக்கானிக். கூடவே தண்ணீர்ச் சறுக்கு, ஆடும் கப்பல், குழந்தைகள் ரயில் என்று சகலமும் அவர் தலையில்தான். நகத்துக்கடியில் கருப்பு நிரந்தரமாகக் குடியேறிவிட்டதால் வேலையிடத்தில் வைத்த பெயர் கிரீஸ். வீட்டில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவர் மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அவருக்குப் பெத்தவங்க வச்ச பேரு ஒண்ணு இருக்கு, தெரியும்ல?" என்பாள். அவளும் 'ஏங்க'வைத் தாண்டி அந்தப் பெயரைச் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

காலையில் வாசல் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மெக்கானிக் ஒருமுறை தனியாக ஏறிச் சுற்றி வரவேண்டும். அது கம்பெனி சட்டம். காலிப் பெட்டிகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்து, கண்ணை மூடி, எங்கே கிறீச்சிடுகிறது, எங்கே உரசுகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டே அவர் மேலே போய்க் கீழே வருவார். ஜனங்கள் ஏறிவிட்டாலோ, மெக்கானிக் தரையில், சுவிட்ச் பெட்டி பக்கத்தில் நிற்கவேண்டும். அதுவும் சட்டம்தான். ஆக, இத்தனை வருஷ சர்வீஸில் பக்கத்து சீட்டில் ஒரு மனிதப் பிறவி இருக்க அவர் மேலே போனதே கிடையாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. மனைவிக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை, விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. மகள் ஏழாம் வகுப்பு. பெயர் எதுவாக இருந்தாலும் வீட்டில் பாப்பா. செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கண் விழிக்கும்போது இரண்டு பேரும் கிளம்பிப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாவகாசமாக எழுந்திருக்கும்போது அவர் ராட்டினத்தின் உச்சியில் இருப்பார். மற்ற நாள்களில் பூங்காவை மூடி, எல்லாவற்றையும் துடைத்து, பஸ் பிடித்து அவர் வீடு சேர்வதற்குள் சாப்பாடு தட்டு போட்டு மூடியிருக்கும், இரண்டு பேரும் தூங்கியிருப்பார்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் குடித்தனம் நடத்தினார்கள் என்று சொல்வதைவிட, முறை வைத்து வந்து போனார்கள் என்று சொல்லலாம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் ஒருநாள் மேனேஜர் குண்டைத் தூக்கிப் போட்டார். பூங்கா இருக்கிற நிலத்தை விற்றாயிற்று, அடுக்குமாடி வரப்போகிறது, மாசக் கடைசியோடு மூடுகிறோம் என்றார். கம்பெனிக்கு வேறு இரண்டு பூங்காக்கள் இருந்தன. ஒன்று கடற்கரைப் பக்கம், இன்னொன்று மலைப் பக்கம்.

"மத்தவங்களையெல்லாம் கேக்கவே இல்லண்ணே, நேரா டிரான்ஸ்ஃபர் லெட்டர்தான். உங்களுக்கு மட்டும்தான் சாய்ஸ். கடலா, மலையா? அடுத்த வாரம் சனிக்கிழமை சொல்லிடுங்க. குடும்பத்தோட போய் செட்டில் ஆகிடலாம்," என்றார் மேனேஜர், ஏதோ பரிசு கொடுப்பதுபோல.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்து கைப்பையை ஆணியில் மாட்டும் வரைக்கும் காத்திருந்து விஷயத்தைச் சொன்னார். அவள் கோபப்படுவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டும் இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லா யோசிச்சுதான் சொல்றேன். இடம் எங்களுக்குச் சரிப்படலைன்னா நீங்க மட்டும் போங்க. நானும் பாப்பாவும் இங்கயே இருந்துக்கறோம். எனக்கு இங்க வேலை இருக்கு, அவளுக்கு ஸ்கூல் இருக்கு."

"என்னம்மா இப்படிப் பேசற? பிரிஞ்சு இருக்கறதாவது!"

"இப்ப மட்டும் என்ன, சேர்ந்தா இருக்கோம்?"

சண்டைக்காகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். இது நெடுநாளாக மனசுக்குள் இருந்து, அலுத்து, சூடெல்லாம் போய் வெளியே வந்த பேச்சு.

பாவம் மனுஷன், அதற்குப் பிறகு அவர் செய்தது எல்லாமே கோளாறுதான். இடம் சரிப்படவேண்டும் என்றால் அங்கே பார்க்க நிறைய இருக்கவேண்டும், பொழுது போகவேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார். பொழுதுபோக்கு என்பதையே பார்க்கச் சகிக்காத மனிதர், எந்த ஊரில் பொழுதுபோக்கு அதிகம் என்று விசாரிக்கக் கிளம்பினார். மலைப் பக்கத்தில் அவருடைய அக்கா வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். கடல் பக்கத்தில் மனைவியின் தம்பி கடை வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் போன் போட்டு, "கொஞ்சம் உங்க ஊரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும். மறுநாளிலிருந்து காலையில் மூவரும் கிளம்புகிற அவசரத்தில், பல் துலக்கவிடாமல் போன் அடித்தது.

"டேய் தம்பி, ஸ்பீக்கர்ல போடு, அவளும் கேக்கட்டும்," என்று ஆரம்பிப்பாள் அக்கா. "எங்க பக்கம் ஏரி இருக்கு. படகு இருக்கு. ரோப் கார்ல உக்காந்தா இந்த மலையிலேருந்து அந்த மலைக்குப் போயிடலாம். பூந்தோட்டம் எத்தனை பெருசுங்கற! காலைல கதவைத் தொறந்தா மேகம் உள்ள வந்து நாற்காலியில உக்காருது."

அவள் போனை வைத்த கையோடு மச்சான் வருவான். "மாமா, கடல் மாமா! அதுக்கு மேல என்ன வேணும்? ஸ்பீட் போட் இருக்கு, பாராசூட்ல தூக்கிட்டுப் போறான், கரை ஓரமா சைக்கிள் ஓட்ட தனி ரோடு. மலையில என்ன மாமா இருக்கு? ஏறணும், எறங்கணும், மூட்டு வலிக்கணும்."

பாப்பாவுக்கு இதெல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. அவளே நடுவராகித் தராசைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஏரிக்கு இத்தனை மார்க், கடலுக்கு இத்தனை மார்க், ரோப் காருக்குப் பாதி மார்க் குறைப்பு, ஏனென்றால் அவளுக்குத் தலை சுற்றும். ஒருநாள் இட்ட மார்க் மறுநாள் மாறும். நடுவில் ஒருநாள் அத்தையை மடக்கினாள்.

"அத்தை, நீங்க கடைசியா எப்ப போட்ல போனீங்க?"

"நானா? இரு... எங்க பெரியவனை ஸ்கூல்ல சேர்த்தப்ப ஒரு தடவை போனோம்."

"அவர் இப்ப வேலைக்குப் போறாரே அத்தை!"

"ஆமாடி, வீட்டு வேலைக்கே நேரம் சரியா இருக்கு. ஏரி எங்க ஓடியா போகப் போகுது?"

விட்டாளா? மறுநாள் மாமாவையும் கேட்டாள், கடலில் எப்போது குளித்தீர்கள் என்று. "உப்புத் தண்ணி எனக்கு ஒத்துக்காதும்மா," என்றான் அவன், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். கிரீஸ் அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணெல்லாம் மனைவியின் முகத்தில் இருந்தது.

அவளோ பிடிகொடுக்கவே இல்லை. ஏரி என்றாலும் ம், கடல் என்றாலும் ம். கேட்டதெல்லாம் ஏடாகூடமான கேள்விகள்தான். "அதெல்லாம் எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும் அண்ணி?" என்பாள். "மழை பெஞ்சா போட் விடுவாங்களா?" என்பாள். தம்பியிடம், "டேய், அந்தப் பூங்காவுக்கு ஆள் வராத மாசம்னு ஒண்ணு உண்டா?" என்றாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க ஊர்லயா? வருஷம் பூரா கூட்டம்தான்க்கா," என்றான். அவள் அதற்கும் ம் என்றாள்.

குற்றம் கண்டுபிடிக்கிறாள், வராமல் இருப்பதற்குச் சாக்குத் தேடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். உச்சிக்குப் போய் வரும் காலைச் சுற்றில் காது ராட்டினத்தின் மேல் இல்லை. இப்ப மட்டும் என்ன, சேர்ந்தா இருக்கோம் என்ற குரலே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியின் கொக்கி சரியாக விழாததை அவர் கவனிக்கவில்லை, டிக்கெட் கிழிக்கிற பெண்தான் காட்டினாள். அவர் சர்வீஸில் அப்படி நடந்ததே இல்லை. அன்றைக்கு முழுவதும் தன்மேலேயே எரிந்து விழுந்தார்.

மேனேஜரிடம் மலையைப் பற்றி விசாரித்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமாண்ணே? மலை உங்களுக்கு வேண்டாம். மழைக்காலம் மூணு மாசம் நம்ம பார்க் ரோப் கார் ஓடாது, எல்லாத்தையும் மூடிடுவாங்க. ஜனம் இல்ல, ஓவர்டைம் இல்ல, வெறும் ஆபீஸ் டைம்தான். ஆனா வேலை மட்டும் இருக்கும். பூரா பார்க்கையும் பிரிச்சு மேயணும்."

பிரித்து மேய்வது என்றால் என்னவென்று கிரீஸ் அண்ணனுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பூங்காவில் அதைச் செய்திருக்கிறார். கம்பிக் கயிற்றை இறக்கி முழம் முழமாகத் தடவிப் பார்க்கவேண்டும். கப்பி ஒவ்வொன்றையும் கழற்றி, கழுவி, மாட்டவேண்டும். தகரக் கொட்டகையில் நின்றுகொண்டு நாளெல்லாம் மண்ணெண்ணெய் வாசம் பிடிக்கவேண்டும். வெளியே மழை கொட்டும், உள்ளே ஒழுகும். பார்க்கிறதற்கு ஒரு பூ இருக்காது, ஒரு படகு இருக்காது. அந்த மாதிரி ஊருக்கு அவளை எந்த முகத்தோடு கூப்பிடுவது? கடல்தான் சரி என்று பட்டது. கடலைக் காட்டிவிட்டால் கல்லும் கரையும் என்று நினைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கு லீவு சொன்னாள், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் மட்டம். மூவரும் காலை பஸ்ஸில் கடல் பக்கம் கிளம்பினார்கள். ஜன்னல் சீட்டில் பாப்பா, நடுவில் மனைவி, ஓரத்தில் அவர். இப்படி உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. மனைவியும் அதையேதான் நினைத்தாளோ என்னவோ, பாதி வழியில் அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கடற்கரைப் பூங்கா பளபளவென்றிருந்தது. வார நாள் என்பதால் கூட்டமில்லை. ராட்டினம் பழைய பூங்காவில் இருந்ததைவிடப் பெரிது. மேலே போனால் கப்பல் தெரியும் என்று டிக்கெட் கொடுக்கிற அம்மாள் சொன்னார். "வருஷத்துல ஒரு நாள்கூட மூடறதில்ல," என்று பெருமையாக வேறு சேர்த்துக்கொண்டார். மனைவி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டதை அவர் பார்த்தார். பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

மூன்று டிக்கெட் வாங்கினார். ஒரு டிக்கெட்டை மனைவி கையிலும் ஒன்றைப் பாப்பா கையிலும் கொடுத்தார். பாப்பா முதலில் ஏறி ஓரத்துக்குப் போனாள். மனைவி ஏறி, புடவையை ஒதுக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தாள். கம்பி விழுந்தது. கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவர் தானே ஒருமுறை அசைத்துப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவ்வளவுதான். ராட்டினம் கிளம்பிவிட்டது.

நின்றது மட்டுமா? காது வேறு தன் வேலையைச் செய்ய ஆரம்பித்தது. மேலே ஏறும்போது ஒரு மெல்லிய உரசல். "பேரிங்கை எப்ப பாத்தீங்க?" என்று அங்கிருந்த மெக்கானிக்கிடம் கேட்டார். அவன் இவர் நகத்தைப் பார்த்தான், உடனே தோளில் கை போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் தலையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். மேலிருந்து பாப்பா, "அப்பா! அப்பா!" என்று கத்தியதும் கையை ஆட்டியதும் அவருக்குத் தெரியவே தெரியாது.

இறங்கி வந்த பாப்பாதான் கேட்டாள். "அப்பா, நீங்க ஏன் ஏறலை?"

"நானா? நான் எப்படி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சட்டைப் பையில் கை விட்டார். கிழிபடாத டிக்கெட் ஒன்று அங்கே இருந்தது. அவர் அன்றைக்கு மெக்கானிக்காக வரவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு வந்த ஒரு மனிதர். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அட, மறந்தே போச்சும்மா. வா, இன்னொரு தடவை போவோம்."

"வேண்டாங்க," என்றாள் மனைவி. "அவளுக்குத் தலை சுத்துதாம்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம்தான் முதலில் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் மணலில் போய் உட்கார்ந்தார்கள். பாப்பா காலை நனைத்துவிட்டு வந்து, நனைத்துவிட்டு வந்து, பாவாடையெல்லாம் உப்பு. மனைவி முழங்காலைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி இருந்தாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றார்.

"ம்."

"பிடிச்சிருக்கா?"

"கடல் யாருக்குத்தான் பிடிக்காது?"

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அதே நிம்மதியில் அவள் கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சற்று சாய்ந்தார். சாய்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது சூரியனைக் காணோம், கால் இரண்டையும் பாப்பா மணலில் புதைத்து வைத்திருந்தாள், மச்சான் கடையைப் பூட்டிவிட்டு வந்து எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். மனைவி அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் மேல் வெயில் படாமல் தன் முந்தானையை விரித்துப் போட்டிருந்தாள் என்பதைப் பாப்பா பிறகு பஸ்ஸில் சொன்னாள்.

புதன், வியாழன், வெள்ளி வழக்கம்போலப் போயின. அவர் வரும்போது அவர்கள் தூங்கியிருந்தார்கள். மச்சான் கடற்கரைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டதாகத் தகவல் அனுப்பியிருந்தான். வெள்ளிக்கிழமை மேனேஜர், "என்னண்ணே, கடல்தானே?" என்று கேட்டபோது, "நாளைக்குச் சொல்லிடறேன்," என்றார். முடிவு ஆகிவிட்டது, ஆனாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொல்ல மனசு வரவில்லை. கேட்கவும் பயம். நீங்க மட்டும் போங்க என்று சொல்லிவிட்டால்?

சனிக்கிழமை காலை. அவள் அடுப்படியில் இருந்தாள். அவர் வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, பெரிய விஷயமில்லை என்பதுபோல, "கடல்னே சொல்லிடறேன்," என்றார்.

அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மலைன்னு சொல்லுங்க."

அவருக்குக் காதில் விழுந்ததை நம்பமுடியவில்லை. "கடல் பிடிச்சிருக்குன்னியே?"

"பிடிச்சிருக்கு. அதுக்காக?"

"ஏம்மா, உனக்கு விவரம் தெரியாது. அங்க மூணு மாசம் மழை ஊத்தும். ரோப் கார் நின்னுடும். போட்டையெல்லாம் கரையேத்திக் கவுத்துடுவாங்க. தோட்டத்துல ஒரு பூ இருக்காது. பாக்கறதுக்குன்னு ஒண்ணுமே இருக்காது."

"அதான் எனக்கு வேணும்."

"என்னது?"

"அண்ணிகிட்ட நான் தனியா போன் பண்ணி கேட்டுட்டேன். மூணு மாசம் எல்லாத்தையும் பூட்டிடுவாங்களாம். கடல் பக்கம் ஒரு நாள்கூட பூட்டறதில்லையாம், அந்த டிக்கெட் அம்மா சொன்னாங்களே." அவள் குரல் லேசாகக் கம்மியது, ஆனால் நிறுத்தவில்லை. "நீங்க எல்லாரும் எந்த ஊர்ல என்னென்ன தொறந்திருக்குன்னு பாத்தீங்க. நான் எந்த ஊர்ல மூடுவாங்கன்னு பாத்தேன். எல்லாத்தையும் மூடிட்டா நீங்க எங்க போவீங்க? வீட்லதானே இருக்கணும்?"

ஷூ கயிறு அவர் கையிலேயே நின்றுவிட்டது.

அடக் கடவுளே, இதற்குத்தானா அத்தனை கேள்வி? சாக்குத் தேடுகிறாள் என்று நினைத்தாரே! அவருக்குத் தன்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் அடுத்த நொடியே வந்து சேர்ந்தது. அவள் நினைப்பது நடக்காது. பூங்காவை மூடினால் ஜனங்களுக்குத்தான் விடுமுறை, மெக்கானிக்குக்குக் கிடையாது. மூடினால்தான் அவனுக்கு உண்மையான வேலையே ஆரம்பம். அது அவளுக்கு எப்படித் தெரியும்? இங்கே வருஷம் முழுக்கத் திறந்திருக்கிற பூங்கா, அப்படி ஒரு காலம் வந்ததே இல்லை.

சும்மா 'ஆமாம்' என்று ஒரு தலையாட்டல். அவ்வளவு போதும், மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். மழை வரும்போது தெரிந்துகொள்ளட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் வந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அவள் அங்கே நின்ற தோரணையைப் பார்த்தார். கையைத் துடைத்த துணி இன்னும் கையிலேயே இருந்தது. இவளை இன்னொரு தடவை ஏற்றிவிட்டுக் கீழே நிற்கிற காரியம் தன்னால் ஆகாது என்று பட்டது.

"இல்லம்மா," என்றார். "வீட்ல இருக்க முடியாது."

"ஏன்?"

"அப்பதான் எல்லாத்தையும் கழட்டி மாட்டணும். கயிறு, கப்பி, மோட்டார், எல்லாம். தினமும் போகணும்."

அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனதை அவர் பார்த்தார். பார்க்கமுடியாமல் ஷூவைப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறாள், நீங்க மட்டும் போங்க என்று. சொன்னால் தப்பே இல்லை என்றும் தோன்றியது. உள் அறையில் பாப்பா பையை அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"காலைல எத்தனை மணிக்குப் போகணும்?" என்றாள் அவள்.

"ஒம்பது மணிக்கு. அந்த மாசத்துல வெறும் ஆபீஸ் டைம்தான். ஓவர்டைம்கூடக் கிடையாது." அதையும் ஒரு குறையாகத்தான் அவர் சொன்னார்.

"அப்ப எத்தனை மணிக்கு விடுவாங்க?"

"அஞ்சரைக்கு விட்டுடுவாங்க. வீட்டுக்கு வர ஆறு ஆயிடும்."

"ஆறா?"

"ஆறு."

"சாயங்காலம் ஆறு மணி?"

"ஆமா. ஏன்?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஞாயித்துக்கிழமை?"

அவர் அதை யோசித்துப் பார்த்ததே இல்லை. "ஜனமே வராதப்ப ஞாயித்துக்கிழமை யாரு வேலைக்கு வருவாங்க? லீவுதான்... எல்லாரையும் மாதிரி."

அவள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது. கையில் இருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அடுப்படித் துணி என்பதைக்கூடப் பார்க்காமல்.

"ஆறு மணிக்கு வருவேன்னு சொல்றதை, ஏங்க, இப்படியா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு சொல்வாங்க?"

"மூணு மாசம்தாம்மா. மத்த ஒம்பது மாசம் இங்க மாதிரியேதான் இருக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"ஒம்பது மாசம் எங்களுக்குப் பழகினதுதானே. கடல் ஊருக்குப் போனா பன்னெண்டு மாசம்."

"என்னம்மா ஆச்சு?" என்று பாப்பா எட்டிப் பார்த்தாள். "மலையா? அப்ப ரோப் காருக்கு முழு மார்க் போட்டுடவா?"

"அதுக்கு முட்டை போடு," என்றாள் அம்மா.

கிரீஸ் அண்ணன் எழுந்திருக்கவில்லை. ஷூ ஒரு காலில் கட்டியும் ஒரு காலில் கட்டாமலும் இருந்தது. சந்தோஷப்படலாம் என்று மனசு சொன்னது, உடம்புக்கு அது பழக்கமில்லை. எங்கே கிறீச்சிடுகிறது, எங்கே உரசுகிறது என்று அப்போதும் தேடியது.

"மழைக்காலத்துல அங்க ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு ஆயிடும்மா," என்றார். "வெளிய காலை வைக்க முடியாது. நான் வந்து என்னதான் பண்றது?"

"லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம்ங்க," என்றாள் அவள்.